நாற்பது அடி

ஒரு மார்ச் மாதக் காலையில் பக்கத்து வீட்டுக் கூரைமேல் மரக்கம்பங்கள் முளைத்திருந்தன. கம்பத்துக்குக் கம்பம் ஆரஞ்சு நிற வலை. பார்ப்பதற்கு ஊரில் கல்யாணப் பந்தலுக்குக் கால் நட்ட மாதிரி இருந்தது. இதற்கு ‘ஸ்டோரி போல்’ என்று பெயர். கட்டப்போகும் மாடி எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்பதை அக்கம்பக்கத்தார் கண்ணால் பார்த்துக்கொள்ள, கட்டுவதற்கு முன்பே அதன் எலும்புக்கூட்டை நிறுத்திக் காட்டவேண்டும். சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றியுள்ள மலையோர ஊர்கள் பலவற்றில் இது விதி.

அந்த ஆரஞ்சு வலைக்குப் பின்னால்தான் எங்கள் சமையலறைச் சன்னலின் கடல் இருந்தது.

கடல் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். இரண்டு கூரைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு வளைகுடாவின் ஒரு துண்டு. வெயில் நாட்களில் வெள்ளித்தகடு மாதிரி மின்னும். மற்ற நாட்களில் வானமா தண்ணீரா என்று தெரியாது. வீட்டை விற்ற ஏஜென்ட் எங்களை அந்தச் சன்னலுக்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்கவைத்தார். அந்த உள்ளங்கைக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தோம் என்று நானும் மனைவியும் இதுவரை கணக்குப் போட்டதில்லை. போட்டால் வயிறு எரியும்.

பக்கத்து வீட்டில் இருப்பது எழுபது கடந்த ஒரு தம்பதி. மகளும் பேரக்குழந்தைகளும் வந்து தங்க, மேலே இரண்டு அறை எடுக்க நினைத்தார்கள். தெருவில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஒருவர் ஆட்சேபக் கடிதத்தின் மாதிரி ஒன்றைத் தயார்செய்து எல்லோருக்கும் அனுப்பினார். நான் அதில் இரண்டு வரி மாற்றி, என் பெயரைப் போட்டு, நகரத் திட்டக் குழுவுக்கு அனுப்பினேன். மொத்தம் ஐந்து நிமிட வேலை.

அன்று இரவு அம்மாவிடம் வீடியோ காலில் சொன்னபோது அவள் கேட்டாள்: “அவுங்க இடத்துல அவுங்க கட்டுறாங்க. ஒனக்கு என்னடா?”

“கடல் மறைஞ்சிரும்மா.”

“கடலு என்ன நம்ம வீட்டுதா?”

பதில் தெரியாத கேள்வி வந்தால் தேட ஆரம்பிப்பது தொழில் பழக்கம். மென்பொருளில் ஒரு விதி ஏன் இப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று புரியாவிட்டால், யார் எப்போது எதற்காக அதைச் சேர்த்தார்கள் என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம். அப்படித்தான் இதற்குள் நுழைந்தேன்.

*

அம்மாவின் கேள்விக்கு ஆங்கிலேயச் சட்டம் 1610-லேயே பதில் சொல்லியிருக்கிறது. நார்ஃபோக்கில் வில்லியம் ஆல்ட்ரெட் என்பவரின் வீட்டுக்குப் பக்கத்தில் தாமஸ் பென்டன் என்பவர் பன்றிக்கொட்டில் போட்டார். ஆல்ட்ரெட் வழக்குப் போட்டு வென்றார். நல்ல காற்றைக் கெடுப்பது குற்றம், வெளிச்சத்தை மறைப்பதும் குற்றம் என்றது நீதிமன்றம். ஆனால் போகிற போக்கில் இன்னொன்றையும் பதிவு செய்தது: கண்ணுக்கு இனிய காட்சி ஒரு சுகம் மட்டுமே, தேவை இல்லை. அதை மறைத்தார் என்று யார்மீதும் வழக்குப் போட முடியாது.

காற்றும் வெளிச்சமும் உரிமை, காட்சி உரிமையில்லை. இந்தப் பாகுபாடு கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. 1882-ன் இந்திய வசதியுரிமைச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த இடங்களில் ஒன்று சென்னை மாகாணம். 20 ஆண்டுகள் தடையின்றி ஒரு சன்னல் வழியே வெளிச்சமும் காற்றும் வந்திருந்தால், அது அந்த வீட்டின் உரிமையாகிவிடும் என்கிறது அது. அப்பாவுக்கு இந்தச் சட்டத்தின் பெயர் தெரியாது, ஆனால் சரத்து தெரியும். சித்தப்பாவுடன் பொதுச்சுவர் தகராறு வந்தபோது “இருவது வருசமா வெளிச்சம் வந்த சன்னல்” என்று அவர் திண்ணையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. சன்னலுக்கு வெளியே என்ன தெரிந்தது என்பது பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. தெரிந்தது சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டகை.

அமெரிக்கா அந்த வெளிச்ச உரிமையைக்கூட ஏற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே அதன் நீதிமன்றங்கள், வளர்ந்துகொண்டிருக்கும் நகரங்களுக்கு இந்தப் பழைய இங்கிலாந்து விதி சரிவராது என்று தள்ளிவிட்டன. ஒவ்வொரு சன்னலும் பக்கத்து மனையைக் கட்டிப்போட்டால் ஊர் எப்படி வளரும்? உன் மனைக்கு மேலே உள்ள வானம் உன்னுடையது, அவ்வளவுதான். இந்தக் கொள்கையைக் கடைசிவரை இழுத்துக்கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை, நான் தினமும் ரயிலில் போகும் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒருவர் செய்து காட்டினார்.

*

சார்லஸ் க்ராக்கர், சென்ட்ரல் பசிபிக் ரயில்வேயின் நான்கு பெரும் முதலாளிகளில் ஒருவர். சியரா மலைகளைக் குடைந்து தண்டவாளம் போட்டதில் கட்டுமானப் பொறுப்பு அவருடையது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்களை வைத்து அந்த வேலையை முடித்தார். 1870-களில் நாப் ஹில் என்ற குன்றின் உச்சியில் மாளிகை கட்ட ஒரு முழுச் சதுக்கத்தையே வாங்கினார். ஒரு மூலை மட்டும் கிடைக்கவில்லை. அங்கே நிக்கோலஸ் யுங் என்ற ஜெர்மானியக் குடியேறி ஒரு சிறிய வீட்டில் இருந்தார். சவப்பெட்டி, இறுதிச்சடங்கு ஏற்பாடு அவர் தொழில். விலை படியவில்லை.

க்ராக்கர் தன் மனைக்குள்ளேயே, யுங்கின் வீட்டை மூன்று பக்கமும் சூழ்ந்து 40 அடி உயரத்துக்கு மரவேலி எழுப்பினார். காற்று, வெயில், நகரக் காட்சி எல்லாம் போயிற்று. தெருப்பக்கம் மட்டும் திறந்திருக்க, வீடு ஒரு கிணற்றின் அடியில் கிடந்தது.

அந்த வேலியை இன்றும் பார்க்கலாம். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழுவதைப் படம்பிடித்துக் காட்டிய எட்வர்ட் மைப்ரிட்ஜ், 1878-ல் மார்க் ஹாப்கின்ஸ் மாளிகைக் கோபுரத்தில் நின்று நகரம் முழுவதையும் 13 தகடுகளில் படமெடுத்தார். அதில் க்ராக்கர் மாளிகைக்குப் பின்னால் கூரைகளுக்கு மேலே ஒரு பலகைச்சுவர் நிற்கிறது. முதல்முறை பார்ப்பவர்கள் ஏதோ கிடங்கு என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஊர் கொதித்தது. 1877-ல் கலிஃபோர்னியா தொழிலாளர் கட்சியைக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்தார் டெனிஸ் கியர்னி. அயர்லாந்திலிருந்து வந்த வண்டிக்காரர், நல்ல பேச்சாளர். அவர் ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டி நாப் ஹில்லுக்கே போய், வேலியை இடித்துத் தள்ளுவோம் என்று முழங்கினார். பணக்காரன் ஏழையின் வெளிச்சத்தைத் திருடிவிட்டான் என்பது எல்லோருக்கும் புரியும் கதை. படிக்கும்போது எனக்கும் கியர்னிக்குக் கைதட்டத் தோன்றியது.

பிறகுதான் அவர் கூட்டங்கள் எந்த முழக்கத்தோடு முடியும் என்று படித்தேன். எல்லாக் கூட்டத்துக்கும் ஒரே முடிவு: சீனர்கள் வெளியேற வேண்டும். க்ராக்கர் மேல் அவருக்கு இருந்த கோபத்தில் வேலி ஒரு பாதி. மறுபாதி, சீனர்களுக்கு வேலை கொடுத்தது.

வேலி இடிக்கப்படவில்லை. 1880-ல் யுங் இறந்தார். அவர் மனைவி அப்போதும் விற்கவில்லை. 1888-ல் க்ராக்கர் இறந்தார். 1904-ல்தான் யுங்கின் வாரிசுகள் க்ராக்கரின் வாரிசுகளுக்கு மனையை விற்றார்கள். இரண்டே வருடத்தில், 1906 பூகம்பமும் தீயும் மாளிகைகளைக் கொண்டுபோயின. அந்தச் சதுக்கத்தைக் குடும்பம் திருச்சபைக்குக் கொடுத்தது. கிரேஸ் கதீட்ரல் இன்று நிற்பது அங்கேதான். ஒரு மதியம் போய்ப் பார்த்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து ஆட்கள் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேலி நின்றதற்கான அடையாளம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

*

க்ராக்கருக்கும் யுங்குக்கும் நடந்தது ஒரு மனிதனுக்கும் இன்னொரு மனிதனுக்கும் இடையே. அதே ஆண்டுகளில் அதே நகரத்தின் நிர்வாகம் வேறொன்றைக் கற்றுக்கொண்டிருந்தது: யார் எங்கே இருக்கலாம் என்பதை, யாருடைய பெயரையும் சொல்லாமல் விதியாக எழுதுவது.

1870-ல் கனஅடிக் காற்று விதி வந்தது. தங்கும் இடங்களில் ஆளுக்கு 500 கனஅடிக் காற்றிடம் இருக்கவேண்டும். சுகாதாரம்தான் காரணம். ஆனால் கைது நடந்ததெல்லாம் சைனாடவுனில். அபராதம் கட்ட மறுத்து அவர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனதில், சிறைக்குள்ளேயே ஆளுக்கு 500 கனஅடி இல்லாமல் போயிற்று.

1880-ல் சலவைக்கூட விதி. மரக்கட்டடத்தில் சலவைக்கூடம் நடத்த நகர மேற்பார்வைக் குழுவின் அனுமதி வேண்டும். தீ ஆபத்துதான் காரணம். நகரத்தில் ஏறக்குறைய 320 சலவைக்கூடங்கள், அவற்றில் 310 மரக்கட்டடங்கள். சுமார் 240 சீனர்களுடையவை. விண்ணப்பித்த 200 சீனர்களுக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. சீனரல்லாத 80 பேர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் தொழில் நடத்தினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1886-ல், யிக் வோ வழக்கில், நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: எழுத்தில் நடுநிலையாக இருக்கும் விதியும், நடைமுறையில் ஓர் இனத்தைக் குறிவைத்தால், சட்டத்தின் சமத்துவத்தை மீறியதுதான்.

1890-ல் நகரம் வெளிப்படையாகவே முயன்றது. சீனர்கள் எல்லோரும் 60 நாட்களுக்குள் ஒதுக்கப்பட்ட பகுதிக்குப் போய்விடவேண்டும் என்று ஆணை போட்டது. நீதிமன்றம் அதே ஆண்டில் அதைத் தூக்கியெறிந்தது. வெளிப்படையாக எழுதினால் தோற்போம், தீ என்றும் காற்று என்றும் எழுதினால் கொஞ்ச நாள் ஓட்டலாம். நிர்வாகங்கள் இதை மறக்கவில்லை.

வளைகுடாவின் எதிர்க்கரையில் பெர்க்லி, 1916-ல் ஒரு பகுதியில் தனிக்குடும்ப வீடுகளைத் தவிர வேறெதையும் கட்டக்கூடாது என்று மண்டல விதி கொண்டுவந்தது. அப்படிப்பட்ட முதல் விதிகளில் அது ஒன்று. மறு ஆண்டு, இனத்தின் பேரால் குடியிருப்புகளைப் பிரித்த லூயிவில் நகரத்தின் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு இரண்டு வழிகள் மிஞ்சின. ஒன்று, கிரயப் பத்திரத்திலேயே இனத்தடையை எழுதிவிடுவது. இன்னொன்று, ஆட்களைச் சொல்லாமல் கட்டடங்களைச் சொல்வது.

இரண்டாவது வழி 1926-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் யூக்ளிட் என்ற சிறு ஊர். அங்கே 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்ளர் என்ற நில நிறுவனம், மண்டல விதியால் தன் நிலத்தின் மதிப்பு விழுந்துவிட்டது என்று வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்ற நீதிபதி அதை ஏற்றார். சுற்றிவளைத்துப் பார்த்தால் இந்த விதி மக்களை வருமானப்படி தரம் பிரித்து ஒதுக்குவதில்தான் முடிகிறது என்று எழுதினார். உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அதைப் புரட்டிப்போட்டது. தீர்ப்பில் ஒரு பன்றி வருகிறது: தொழுவத்தில் இருக்கவேண்டிய பன்றி வரவேற்பறைக்கு வந்தால் தொல்லைதானே என்று. ஆல்ட்ரெட்டின் பன்றி முந்நூறு ஆண்டு கழித்து இங்கே வந்து சேர்ந்ததைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்து அடுக்குமாடிக் குடியிருப்பு வருகிறது. அது நல்ல தெருவின் வெயிலையும் காற்றையும் உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி என்கிறது தீர்ப்பு. அங்கே சிரிப்பு நின்றது. காட்சிக்கு உரிமையில்லை, வெளிச்சத்துக்கும் உரிமையில்லை என்று தனிமனிதர்களிடம் சொன்ன அதே சட்டம், ஒரு தெரு முழுவதும் சேர்ந்து நகராட்சி வழியாகக் கேட்டால் இரண்டையும் கொடுக்கத் தயாராக இருந்தது.

அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட். எங்கேயோ படித்த பெயர் என்று தோன்றியது. தேடினேன். மூன்று வருடம் முன்பு, 1923-ல், முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் இருந்த பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் குடியுரிமை வழக்கில் தீர்ப்பு எழுதியவரும் அவர்தான். இந்தியர்கள் ‘வெள்ளையர்’ என்ற சொல்லுக்குள் வரமாட்டார்கள், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்ற தீர்ப்பு அது. சதர்லேண்ட் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா வந்தவர்.

*

அன்று இரவு, வீடு வாங்கியபோது வந்த காகிதக் கட்டை எடுத்தேன். கையெழுத்துப் போட்ட அன்று யாரும் எல்லாவற்றையும் படிப்பதில்லை. நடுவில், தட்டச்சு செய்த பழைய பக்கங்களின் நகல் ஒன்று இருந்தது. இந்த மனைத் தொகுதி போடப்பட்ட காலத்து நிபந்தனைகள். வேலி இத்தனை அடி, வீடு தெருவிலிருந்து இத்தனை அடி தள்ளி, கோழி வளர்க்கக் கூடாது. அந்த வரிசையிலேயே, அதே தொனியில்: காக்கேசிய இனத்தவர் தவிர வேறு எவரும் இங்கே வசிக்கக் கூடாது, வீட்டு வேலையாட்களாக இருந்தாலன்றி. முதல் பக்கத்தில் ஒரு முத்திரை, இனத்தைக் குறித்த இந்த நிபந்தனைகள் செல்லாது என்று. 1948-ல் உச்ச நீதிமன்றம் இவற்றை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்றது. 1968-ன் சட்டம் மொத்தமாகத் தடை செய்தது. காகிதம் மட்டும் வீட்டோடு கை மாறிக்கொண்டே வருகிறது.

திட்டக் குழுவுக்கு நான் அனுப்பிய கடிதத்தை அந்தப் பக்கத்தோடு சேர்த்து மேசையில் வைத்துப் படித்தேன். ‘இத்தெருவின் நிலைபெற்ற தன்மைக்கு ஒவ்வாதது’ என்று எழுதியிருந்தேன். கடல் என்ற சொல் எங்கேயும் இல்லை. மாதிரிக் கடிதம் அனுப்பியவர் அதை முன்பே சொல்லியிருந்தார்: காட்சியைப் பற்றிப் பேசாதீர்கள், அதற்கு இங்கே உரிமையில்லை. வெளிச்சம், அந்தரங்கம், தன்மை என்று எழுதுங்கள்.

இரண்டையும் ஒன்று என்று சொல்லவரவில்லை. என் கடிதம் யாரையும் இனம் சொல்லி விரட்டவில்லை. உயரத்தைக் கட்டுப்படுத்தக் கேட்பவர்கள் எல்லோரும் கியர்னியும் இல்லை. 1960-களில் சான்ஃபிரான்சிஸ்கோவின் வடகரையில் ஃபொன்டானா என்ற இரட்டை அடுக்குமாடி எழுந்து, பின்னாலிருந்த குன்றுக்கும் கடலுக்கும் நடுவே சுவராக நின்றது. கோபப்பட்ட மக்கள் நகரத்திடம் கேட்டு வாங்கியதுதான் அந்தக் கரையின் 40 அடி உச்சவரம்பு. அதனால்தான் இன்று அங்கே போகிற எவரும், ஐந்து டாலர் காபியோடு நானும், காசு செலவழிக்காமல் கடலைப் பார்க்கிறோம். பொதுவழியில் நின்று பார்க்கும் காட்சிக்காகச் சண்டை போட்டவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் அந்த 40 அடி கரையோடு நிற்கவில்லை. 1970-களில் நகரத்தின் குடியிருப்புப் பகுதிகள் மொத்தமும் மறுவரையறை செய்யப்பட்டு, கட்டக்கூடிய வீடுகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. மேற்குப் பகுதியின் பெரும்பாலான தெருக்களில் பல பத்தாண்டுகளாக உச்சவரம்பு 40 அடி. க்ராக்கர் வேலியின் அதே உயரம். இதில் எந்தச் சதியும் இல்லை, எண் அப்படி வந்து பொருந்தியிருக்கிறது. எனக்கு மட்டும் அது மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. யுங் உள்ளே மாட்டிக்கொண்டவர். இந்த 40 அடியில், ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்கள் உள்ளே வெயிலில் இருக்கிறோம். இன்னும் வராதவர்கள் வெளியே. எங்கள் அலுவலகத்தைச் சுத்தம் செய்கிற அம்மா விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பி இரண்டு மணிநேரம் வண்டி ஓட்டி வருகிறார்.

பெர்க்லி நகர மன்றம் 2021-ல், தனிக்குடும்ப மண்டலம் இனப்பாகுபாட்டில் வேர்கொண்டது என்று ஒப்புக்கொண்டு, அதை முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு மாநிலமும், ஒரு வீட்டு மனையைப் பிரித்து மேலும் வீடுகள் கட்ட வழிவிடும் சட்டத்தை இயற்றியது. நூறு வருடம் கழித்து. இன்னும் ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு மனையிலும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

*

ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். அதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. முதல் கடிதம் அறிக்கையின் இணைப்பில் ஏறிவிட்டது. இரண்டாவது, கூட்டத்தன்று தனித்தாளாக வைக்கப்பட்டது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். நான் கை தூக்கவில்லை. அதற்குக் காரணம் தேடிப் பார்த்தேன். என்ன இருந்தாலும் தினமும் முகம் பார்க்கவேண்டிய தெரு என்பதைத் தவிர வேறு எதுவும் அகப்படவில்லை.

அனுமதி கிடைத்தது, கூரையைக் கொஞ்சம் தாழ்த்தவேண்டும் என்ற நிபந்தனையோடு. எட்டு மாதத்தில் மாடி எழுந்தது. அந்தப் பெரியவர் ஒருநாள் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு வரும்போது நின்றார். எனக்கு முகம் சூடாகியது.

“உங்கள் கடிதத்தைப் படித்தேன்,” என்றார். “நல்ல ஆங்கிலம்.”

“அது நான் எழுதினதில்லை,” என்றேன். அதைவிட மோசமான பதில் இருக்க முடியாது.

அவர் சிரித்தார். கூரையைத் தாழ்த்தியதில் பேரன் கேட்ட அடுக்குக்கட்டில் மேலறையில் நிற்கவில்லையாம், அறுத்துப் போட்டிருக்கிறார்களாம். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. தகவலாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இப்போது சமையலறைச் சன்னலில் சாம்பல் நிறச் சுவர் ஒன்று தெரிகிறது. அதில் ஒரு சன்னல். சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே விளக்கு போடுகிறார்கள். போன வாரம் அம்மா போனில் அந்தப் பக்கமாகத் திருப்பிக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

“யாரு அந்தப் புள்ள, கை காட்டுது?” என்றாள்.